யாரையும் அடிக்காத மாஸ்டர்

செஞ்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வல்லத்தில் ரோட்டில் நின்று "மாஸ்டர்!" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்போம். ஒருவர் பரோட்டா மாஸ்டர், ஒருவர் டெய்லர் மாஸ்டர், மூன்றாவது ஆள் நான். அவர்கள் இருவரும் கற்ற தொழிலை வைத்துச் சாப்பிடுகிறவர்கள். நான் சிலம்பமும் கராத்தேயும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒன்றிய அலுவலகத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்துச் சாப்பிடுகிறேன். அடி உதை என்று கணக்குப் பார்த்தாலும் பரோட்டா மாஸ்டர்தான் எங்களில் மூத்தவர். ஒரு சாயங்காலத்தில் அவர் மைதா மாவைப் போட்டு அடிக்கிற அடியில் பாதியைக்கூட நான் ஆயுசுக்கும் எந்த மனிதன்மேலும் போட்டதில்லை.

இது வெளியே தெரிந்தால் மரியாதை குறையும் என்பதால் பொதுவாகச் சொல்வதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மெதுவாக ஆரம்பிப்பார். "மாஸ்டர், நெசமாவே எவனையாச்சும் போட்டுப் பொளந்திருக்கீங்களா?" இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிடும், பாயசம்கூட இறங்காது. அதனால் இப்போதெல்லாம் லேசாகச் சிரித்து, "அதெல்லாம் இன்னாத்துக்குங்க இப்போ" என்று இலையைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன். அந்த அடக்கத்திலேயே அவர் இரண்டு கொலை கண்டுபிடித்துக்கொண்டு, திருப்தியாக மோரை ஊற்றிக்கொள்வார்.

உண்மை என்னவென்றால், என்னிடம் யாரும் சண்டை கற்றுக்கொள்ள வந்ததே இல்லை. திருவிழாவுக்காக வந்தார்கள். எம்ஜிஆருக்காக வந்தார்கள். புரூஸ் லீக்காகவும் போதிதர்மருக்காகவும் வந்தார்கள். இப்போது அரசாங்க உத்தியோகத்துக்காக வருகிறார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை காரணம் மாறிவிடுகிறது. எந்தக் காரணத்தோடு வந்தாலும் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: "செருப்பக் கழட்டிட்டு வந்து கோட்டுல நில்லு."

இந்த வாக்கியம் என்னுடையதல்ல, என் வாத்தியாருடையது. அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயி. செடி பிடுங்கிக் காய் ஆய்ந்து முடித்த களத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான் எங்களுக்குப் பாடம். சுண்ணாம்பால் தரையில் கோடு கிழிப்பார். காலை இங்கே வை, அங்கே மாற்று, திரும்பு, மறுபடி வை. மாதக்கணக்கில் இதுதான். கம்பு மூலையில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். "கம்பு எப்ப வாத்தியாரே?" என்று கேட்டால், "காலு எப்ப வருதோ அப்ப" என்பார். கால் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே என்று ஒருவன் எதிர்க்கேள்வி கேட்டான். அவனுக்கு மட்டும் இன்னும் ஒரு மாதம் கோடு.

கம்பு தரையில் ஊன்றினால் நெற்றியைத் தொட வேண்டும் என்பது அளவு. வளர்கிற பையனுக்கு இது பெரிய சிக்கல். பள்ளிக்கூடச் சட்டையையே வருகிற வருஷத்தையும் சேர்த்துத் தைக்கச் சொன்ன அப்பா, கம்பு விஷயத்திலும் தொலைநோக்கோடு நடந்துகொண்டார். நான் நெற்றிக்கு மேல் ஒரு முழம் எழும்பி நின்ற மூங்கிலோடு சிலம்பம் பழகினேன். சுற்றும்போது அதன் மேல்நுனி எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியாது, பெட்ரோமாக்ஸுக்குத்தான் தெரியும். ஒருமுறை மேன்டில் உதிர்ந்து களமே இருட்டானதும் வாத்தியார் சொன்ன வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. ஆனால் அவற்றிலும் ஒரு தாளம் இருந்தது.

தொடுமுறை பழகும்போது கம்பின் நுனியில் ஈரச் சாம்பலைத் தடவிவிடுவார். எதிராளி உடம்பில் யார் அதிகப் புள்ளி வைக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். நடுவர் தேவையில்லை, சர்ச்சை இல்லை. தொல்லை என்னவென்றால் தோல்வி வீட்டுக்கும் வந்துவிடும். அம்மா சட்டையை அலசும்போதே, "இன்னிக்கி எட்டு வாங்கினியா, ஒம்போதா?" என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

தட்சிணை வெற்றிலை பாக்கும், கையில் இருந்தால் ஒரு ரூபாயும், இல்லாவிட்டால் ஒரு படி மல்லாட்டையும். அவர் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சரக்கையே அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரும் முகம் கோணாமல் வாங்கி, பாடம் முடிந்ததும் வறுத்து எங்களுக்கே போட்டார். எங்கள் வட்டாரத்தில் தற்காப்புக் கலைப் பொருளாதாரம் அதற்குப் பிறகு அவ்வளவு லாபகரமாக நடந்ததில்லை.

அந்தக் காலத்தில் கம்பு பழகக் காரணம் ஒன்றே ஒன்று, திரௌபதி அம்மன் திருவிழா. செஞ்சிப் பக்கத்தில் பாரதம் நடக்காத ஊரைத் தேட வேண்டும். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வட்டாரத் திரௌபதி வழிபாட்டைத் துருவித் துருவிப் பார்த்து 1988-இல் ஒரு தடித்த புத்தகமே கொண்டுவந்தார், அதுவும் முதல் பாகம் மட்டும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசியில் படுகளம், தீமிதி. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் பம்பை உடுக்கையோடு கம்பு சுற்றிக்கொண்டு போவது எங்கள் வேலை. ஊர்ப் பெண்கள் முழுவதும் தெருவில் நிற்பார்கள் என்பது இதில் ஒரு துணைக்காரணம். எங்களுக்கு அது முதற்காரணம்.

எங்கள் வீரம் ராத்திரி பத்து மணிக்குக் கூத்து தொடங்கும் வரைதான் செல்லும். துரியோதனன் வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமுமாக ஒரு மரக்கடையையே உடம்பில் மாட்டிக்கொண்டு வருவார். திரையை விலக்கி வந்து, சுழன்று சுழன்று கிறிக்கி போட ஆரம்பித்தால் பூமிதான் தலைசுற்றி நிற்கும், அவர் நிற்க மாட்டார். பாடிக்கொண்டே சுற்றுவார், நடுவில் கட்டியங்காரனோடு வாயும் கொடுப்பார். விடிந்தபின் படுகளத்துக்கும் அதே தெம்போடு வருவார். வாத்தியார் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்: "டேய், எம்மூஞ்சப் பாக்காதீங்க. அந்தாளு காலப் பாருங்க." படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுக்கவைத்துப் பீமன் தொடையில் அடிக்கும்போது ஊரே ஆரவாரம் செய்யும். எனக்கு மட்டும் மனசு கேட்காது. அவ்வளவு நல்ல காலடிக்காரனைத் தொடையில் போய் அடிக்கிறார்களே!

பிறகு எம்ஜிஆர் வந்தார். அதாவது, அவர் எப்போதோ வந்துவிட்டார், எங்கள் டென்ட் கொட்டாய்க்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்தார். 1971-இல் வெளிவந்து அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கிக்கொடுத்த 'ரிக்‌ஷாக்கார'னை நாங்கள் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தபோது பிலிம் நிறைய அடிபட்டிருந்தது. ஆனாலும் ரிக்‌ஷாவை விட்டு இறங்காமலே கம்பு வீசுகிறாரே, அந்த ஒரு காட்சி போதாதா? மறுநாள் களத்தில் புதிதாக ஒரு பட்டாளம் நின்றது. "சைக்கிள் மேல குந்திகினு சுத்தறது எப்படி வாத்தியாரே?" வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "மொதல்ல கீழ நின்னு சுத்து. சைக்கிளு அதுவா வரும்" என்றார். யாருக்கும் வரவில்லை. ஒருவனுக்கு மட்டும் வந்தது. அவன் ஓட்டிக்கொண்டே சுற்றி, சைக்கிளோடு ஏரியில் இறங்கினான். கடைசிவரை கம்பை விடவில்லை என்பதை வாத்தியார் நெடுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர்களுக்குத்தான் உண்மையான போர்க்களம் எதுவென்று தெரியும். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான மூங்கிலை உள்ளே நுழைக்கும்போதே முன்சீட்டுக்காரரின் தலைப்பாகை போய்விடும். செங்குத்தாகப் பிடித்தால் கூரையை இடிக்கும், சாய்த்தால் யார் வயிற்றிலாவது ஊன்றும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்வார். "இது லக்கேஜ் இல்லீங்க, சிலம்பம்." "சிலம்பமா இருந்தா சத்தம் போடாம நிக்கச் சொல்லு. மூங்கிலா இருந்தா காசக் குடு." துரட்டிக்கோலா, கொடிக்கம்பா, பந்தக்காலா என்று ஆளுக்கு ஒரு கேள்வி வரும். சிலம்பக் கம்பு என்று ஒருவர்கூடத் தானாகக் கண்டுபிடித்ததில்லை. வீட்டிலும் அதன் நிலைமை இதுதான். விளக்கெண்ணெய் தடவிப் பதமாக்கி வைத்த என் முதல்தரக் கம்பு பல வருஷமாக முருங்கைக்காய் பறிப்பதில் கைதேர்ந்திருக்கிறது. என் மனைவியின் வீச்சு சுத்தமாக இருக்கும். காய் விழும், பூ உதிராது.

புரூஸ் லீ விவகாரம் கொஞ்சம் சோகமானது. 'என்டர் தி டிராகன்' திரைக்கு வருவதற்கு முன்பே, 1973 ஜூலையில் அந்த மனிதர் போய்விட்டார். படம் எங்கள் பக்கம் வர மேலும் பல வருஷம். நாங்கள் ரசிகர்கள் ஆனபோதே அவர் அமரர். ஆனாலும் விடவில்லை. ஓட்டைக் கட்டிலின் இரண்டு கால்களை அறுத்து, நடுவில் சைக்கிள் செயின் கோத்து நஞ்சாக்கு செய்தோம். அந்த ஆயுதத்தால் எங்கள் வட்டாரத்தில் அடிபட்டவர்கள் அத்தனை பேரும் அதைச் சுற்றியவர்களே. 1983-இல் 'பாயும் புலி' வந்து ரஜினியும் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும், இனி கம்பு போதாது, கராத்தேதான் என்று முடிவாகிவிட்டது. கராத்தே திண்டிவனத்தில் கிடைத்தது.

முதலில் உடை. டெய்லர் மாஸ்டரிடம் ஒரு படத்தைக் காட்டித் தைக்கச் சொன்னேன். வெள்ளைக் காடாத் துணியில் நன்றாகவே தைத்திருந்தார், மேல்சட்டையில் ஒரு பாக்கெட்டும் வைத்து. "கராத்தேக்குப் பாக்கெட் கிடையாதுண்ணா" என்றேன். "அப்ப பஸ்ஸுக்குக் காச எங்க வப்ப?" என்றார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா அதை ஒவ்வொரு முறையும் நீலம் போட்டு வெளுத்ததில், எங்கள் வகுப்பில் வானநிறத்தில் கராத்தே செய்த ஒரே ஆள் நான்.

அடுத்தது எண்ணிக்கை. இச்சி, நி, சான், சி, கோ என்று ஜப்பானிய மொழியில் எண்ணிக்கொண்டே குத்த வேண்டும். நான் ஊருக்குத் திரும்பி, கோயில் பக்கத்துத் திடலில் பையன்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சில நாளில் எதிர்வீட்டு ஆயா கோலூன்றிக்கொண்டு வந்து நின்றார். "ஏம்பா, நான் வாசத்தெளிக்க வெளிய வந்தாப் போதும், எல்லாப் பசங்களும் கைய ஓங்கி என்னப் பாத்துச் சீங்கறானுங்க. அப்பிடி நான் இன்னா பண்ணேன்?" மறுநாள் முதல் நாலாம் குத்தை மட்டும் தமிழில் எண்ணினோம். இச்சி, நி, சான், நாலு, கோ. ஒகினாவாவில் இந்த வழக்கம் இருக்க வாய்ப்பில்லை.

வாத்தியார் ஒருநாள் பார்க்க வந்தார். கம்பைவிட்டுப் போன சிஷ்யன் என்ன செய்கிறான் என்ற விசாரணை. திண்ணையில் உட்கார்ந்து, வரிசையாக நின்ற பையன்கள் வெறுங்காற்றைக் குத்துவதை நெடுநேரம் பார்த்தார். "காத்து இன்னாடா பண்ணுச்சு உங்கள?" என்றார். பிறகு எழுந்து வந்து, முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நின்ற ஒருவனின் முழங்காலைத் தன் கால் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தார். அவன் அசையவில்லை. "காலு சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எந்தச் சங்கம் கொடுத்த எந்தப் பட்டையையும்விட அதைத்தான் நான் பெரிதாக வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்றால், ஒரு பத்து நிமிஷம். பையன்கள் பிடுங்கித் தின்றுவிட்டார்கள்.

பட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கறுப்புப் பட்டை கராத்தேயின் பூர்விகச் சொத்து அல்ல. ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1880-களில் தொடங்கிய ஏற்பாடு அது. ஒகினாவாவிலிருந்து கராத்தேயை 1922-இல் தோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின், 1924-இல் தன் மாணவர்களுக்கும் அதையே கட்டிவிட்டார். ஃபுனகோஷி பள்ளிக்கூட ஆசிரியர் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தேர்வு இல்லாமல் பிள்ளைகள் படிக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு நடுவில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம். நெல் மண்டி வைத்திருந்த ஒரு அப்பா என்னிடம் நேராகவே பேசினார். "மாஸ்டர், இந்தச் சில்லறை கலரெல்லாம் வாணாம். ஒரே லாட்டா கறுப்புக்கு எவ்ளோ ஆவும், சொல்லுங்க." பையனுக்கு ஏழு வயசு. பல வருஷம் ஆகும், அது மொத்த வியாபாரத்தில் வராது என்று விளக்கினேன். "சரி, பாதிக் கறுப்புக்காவது போட்டுக் குடுங்க" என்றார்.

பொறுமை என்ற பாடத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. பிறகு ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-இல் வந்து கீழே பாளையம் இறங்கி, 1698-இல்தான் உள்ளே நுழைந்தார். எட்டு வாரத்தில் கராத்தே சலித்துப்போகிற பையன்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். "எட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தாரு பாத்தியா?" ஒரு வாண்டு கேட்டது: "உள்ள போயி ராஜாவப் புடிச்சாரா மாஸ்டர்?" உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று வகுப்பில் பொறுமையின் மதிப்பு சடாரென்று இறங்கியது. தேசிங்குராஜா கதையாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், அதே வாண்டு, "அவுரு சண்டை போட்டாரு, இருபத்திரண்டு வயசுல செத்துட்டாரு. நீங்க போடல, நல்லா இருக்கீங்க" என்று 1714-இல் நடந்த வரலாற்றுக்கு ஒரு விளக்கவுரை எழுதிவிட்டது. யோசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையைப் பற்றி இதுவரை வெளிவந்த ஒரே விமர்சனம் அதுதான். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ராஜகிரி சுமார் எண்ணூறு அடி. கம்போடு ஏறினால் தொடைக்கு நல்லது என்பது என் திட்டம். சாப்பாட்டு மூட்டைகளைக் கீழே கல்யாண மகால் பக்கம் வைத்துவிட்டு வணக்கம் போட்டுச் சலாம் வரிசை ஆரம்பித்தோம். ஒரு பெரிய ஆண் குரங்கு படியிறங்கி வந்தது. ஒரு பட்டாளமே கம்பும் கையுமாக நின்றோம். அது எங்கள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தயிர்சாத மூட்டையை எடுத்தது, ஊறுகாயைத் தனியாக எடுத்து வைத்தது, மதில்மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு பையன் ஆவேசமாகக் கம்பை வீசிக்கொண்டு ஓடினான். குரங்கு நுனியைப் பிடித்து மெதுவாக வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டது என்பதுதான் சரியான சொல், பிடுங்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஆயுதத்தை அவ்வளவு நாகரிகமாகப் பறித்த எதிராளியை நான் எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த செய்தியைப் படித்தபோது, அந்தக் குரங்கின் வம்சத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று தோன்றியது. கோட்டையை இன்றுவரை காவல் காப்பது அவர்கள்தானே.

2011-இல் 'ஏழாம் அறிவு' வந்தது. அதுவரை சைனாக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்கியவர்களெல்லாம் ஒரே தீபாவளியில் மனம் மாறினார்கள். போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், அவர் போய்த்தான் சீனாக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று படம் சொல்லிவிட்டது. வந்தவாசி வழியாகப் போனால் காஞ்சிபுரம் எங்களுக்குப் பக்கம்தான். ஆகவே இது கிட்டத்தட்ட உள்ளூர்ச் சரக்கு. ஷாவோலின் சண்டைக் கலையைப் போதிதர்மர் தலையில் கட்டுகிற நூல் 1624 வாக்கில்தான் எழுதப்பட்டது, அவர் காலத்துக்குப் பின்னால் ஆயிரம் வருஷம் கழித்து, அதை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை என்று நான் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பு அமைதியாகக் கேட்டுக்கொண்டது, என்னைத் தமிழ்த் துரோகி என்று முடிவுசெய்தது. அதைவிட ஆபத்து ஃபீஸ் கட்ட வேண்டிய அப்பாக்களிடமிருந்து வந்தது. "நம்ம காஞ்சிபுரத்து ஆளு கண்டுபுடிச்சத நமக்கே சொல்லிக்குடுக்கறதுக்குக் காசா மாஸ்டர்? நாயமா சொல்லுங்க, அவுரு சைனாக்காரங்கிட்ட வாங்கினாரா?" இதற்கு வரலாற்றாசிரியர்களிடமும் பதில் கிடையாது. அந்த வருஷம் பாதிப் பேருக்குப் போதிதர்மர் தள்ளுபடி.

இப்போதைய அலை வேறு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகவும் வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. கம்பைப் பந்தக்கால் என்று நினைத்த அதே பஸ்ஸில் இப்போது, "சிலம்பமா தம்பி, எந்த லெவல்?" என்று கேட்கிறார்கள். ஒரு பெரியவர் பேரனைக் கொண்டுவந்து விட்டு, "மூணு சதவீதம்ங்கறாங்களே மாஸ்டர், அதுல ஒரு சதவீதமாச்சும் நம்ம பையனுக்கு ஆவற மாதிரி பண்ணுங்க" என்றார். கராத்தேக்காரர்களுக்கு யோகம் நிலைக்கவில்லை. தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேயைச் சேர்த்தார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பாரிஸில் எடுத்துவிட்டார்கள். மாவட்டம், மாநிலம், பள்ளி அளவு என்று சான்றிதழ்கள் குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் வேண்டும். அந்த நகல் என் கடையில்தான் எடுக்கிறார்கள். பாடத்தில் வராத வருமானம் படியெடுப்பதில் வருகிறது.

சான்றிதழ் பசி முற்றியதும் உலக சாதனை வந்தது. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, எழுதிவிடுகிறேன். பிள்ளைகளை மண்பானைமேல் நிற்கவைத்து மணிக்கணக்கில் கம்பு சுற்றச் சொல்வது. பானைக்குப் பதில் ஆணிப் பலகை, ஐஸ் கட்டி. கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் நடந்துகொண்டு. தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால், கோட்டு போட்ட ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து சட்டம் போட்ட சான்றிதழும் மெடலும் கொடுத்துவிட்டுப் போவார். சிலம்பத்தில் கால்தான் எல்லாம் என்று நாங்கள் கோடு போட்டுக் கதறிக்கொண்டிருக்க, காலை அசைக்கவே முடியாத இடத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு அதற்குச் சாதனை என்று பெயர். எதிராளி வந்து, "பானையை விட்டுக் கீழே இறங்காதே, நான் அடிக்கிறேன்" என்றா கேட்பான்?

பெற்றோர் வற்புறுத்தலில் எங்கள் பக்கமும் ஒன்று நடந்தது. நான் கூட்டத்தில் நின்றேன். பிள்ளைகள் விடிகாலையிலேயே பானைமேல் ஏறிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இறங்கினால் வரிசை கலையும் என்று யாரையும் இறங்க விடவில்லை. வெயில் ஏறி, விருந்தினர் வந்து, சால்வை முடிந்து, குத்துவிளக்கு காற்றில் அணைந்து மறுபடி ஏற்றி, ஒருவழியாக ஸ்டாப்வாட்சை அமுக்கினார்கள். ஒரு மணி நேரச் சாதனை. அதற்கு முன்னால் பிள்ளைகள் சும்மா நின்ற மூன்று மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அன்று உருப்படியாகச் சம்பாதித்தவர் பானை செய்து கொடுத்தவர் மட்டுமே. மறுநாள் என் கடையில் வரிசை. உலக சாதனை, மூன்று நகல், ஒன்று கலரில்.

எனக்கு அறுபது தாண்டியாகிவிட்டது. முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டன. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இத்தனை வருஷமா யாரைங்க இப்படி உதைச்சீங்க?" என்று கேட்டார். காற்றைத்தான் என்றேன். "பதிலுக்கு அதுவும் நல்லாத்தான் உதைச்சிருக்கு" என்று சீட்டு எழுதினார். தரையில் உட்காரக் கூடாதாம், மாடி ஏறக் கூடாதாம். வல்லத்தில் மாடிக்கு எங்கே போவது?

சண்டை கற்க யாரும் வரவில்லை என்று மேலே எழுதினேன். ஒரு கூட்டம் மட்டும் அதற்கே வந்தது. பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சி நடக்கிறதே, அதில் ஒரு பள்ளிக்கு நானும் போனேன். வழக்கம்போல் வணக்கம், காலடி, இச்சி, நி என்று தொடங்கினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கை தூக்கியது. "மாஸ்டர், பஸ்ஸுல பின்னாடி நின்னுகினு இடிக்கிறவனுக்கு எந்த அடி?" என் நாற்பது சொச்ச வருஷ மாஸ்டர் வாழ்க்கையில் ஒரு நிஜமான எதிராளியைச் சொல்லி, அவன் எங்கே நிற்பான், எப்படி நிற்பான் என்பதோடு என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. முன்காலை மடக்கு, பின்காலை நீட்டு என்று ஆரம்பித்தேன். "ஒரு காலு வைக்கவே எடமில்ல மாஸ்டர். இன்னொண்ண எங்க நீட்டறது?"

நியாயம்தான். சாயங்கால பஸ்ஸில் அந்த ஜென்குட்சு தாச்சி நிலையில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். அன்று ராத்திரி கடையை மூடிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பை மாட்டிக்கொண்டு நிற்பதாக வைத்து எனக்கு நானே பழகிப் பார்த்தேன். முழங்கை பின்னால் போகும். குதிகால் கீழே இறங்கும். உடம்பை ஒருக்களித்தால் பை நடுவில் வரும். எல்லாம் வாத்தியார் சுண்ணாம்புக் கோட்டில் சொன்ன அதே காலடி, ஒரு சாண் இடத்துக்குச் சுருக்கியது.

பிள்ளைகள் எல்லாவற்றையும் டக்கென்று பிடித்துக்கொண்டார்கள், ஒன்றைத் தவிர. அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து போடும் சத்தம், கியாய். அது மட்டும் வரவே இல்லை. வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்கிற குரலில், கையை வாயில் வைத்துக்கொண்டு, "கியா…" என்றார்கள். பொம்பளப் புள்ள சத்தம் போடக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டுவந்த வாய். பத்துப் பதினைந்து வகுப்பு அதற்கே போனது. கடைசியில் ஒருநாள் வந்தது பாருங்கள், பக்கத்துக் கட்டடத்தில் கணக்குப் பாடம் நின்றுவிட்டது. தலைமையாசிரியை ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை ஒரு திங்கட்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தது.

"மாஸ்டர், அன்னிக்கி அவன் வந்தான்."

"எந்த அடி போட்ட? முழங்கையா, குதிகாலா?"

"அடிக்கவே இல்ல மாஸ்டர். கத்தினேன். டிரைவரு பயந்து பிரேக் போட்டுட்டாரு. நின்னுகினு இருந்தவங்கள்லாம் முன்னாடி போயி உழுந்தாங்க. கண்டக்டரு வந்து, யாரும்மா எறங்கணும்னு கேட்டாரு. நான் எறங்கல, இவருதான் எறங்கணும்னு கையக் காட்னேன். ஏரிக்கரைகிட்ட எறக்கி உட்டுட்டாங்க."

இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தார். ஆதார் அட்டை ஜெராக்ஸுக்கு என்று நினைத்துக் கையை நீட்டினேன். அட்டை எதுவும் தரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் ஒருத்தன் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். பிறகு, "அந்தக் கத்தறது மட்டும் எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா மாஸ்டர்? காலு கையெல்லாம் வாணாம்" என்றார்.

"காலடி இல்லாம அது வராதும்மா."

"எவ்ளோ நாளு ஆவும்?"

"காலு எப்ப வருதோ அப்ப."

அவர் ஒரு நிமிஷம் என்னையும் மெஷினையும் பார்த்தார். செருப்பை வாசலில் கழற்றினார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் நின்று, "எந்தக் காலு மொதல்ல?" என்றார்.